மார்கழி விடியலில் எரியும் மஞ்சள் விளக்கு

ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. ஆனாலும் நமது சங்கத்தில் எனக்கு "இன்ஜினியர் சார்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் மிக்ஸி கத்தினாலும், இன்வெர்ட்டர் மக்கர் செய்தாலும், கார் கண் சிமிட்டினாலும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையால் கடந்த மார்கழியில் நேர்ந்த ஒரு தவறைப் பற்றியே இந்தக் கட்டுரை.

என் மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிறார். சென்னையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு பலமனேரில் தன் பெற்றோர் வீட்டில் இரவு தங்கினார். மறுநாள் சித்தூர் வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு திருமலை போவதாக ஏற்பாடு. வரும் வழியில், முந்தின நாள் மதியம், வேலூருக்குப் பக்கத்தில் ஒரு பங்க்கில் நான்கு சக்கரத்துக்கும் காற்று அடித்திருக்கிறார். வண்டிக்குச் சொல்லியிருப்பது 33 பவுண்டு. சரியாக 33 வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பலமனேரில் காலை ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்பியதும் மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. அதை முதலில் பார்த்தது ஏழு வயதுப் பேத்தி. "அப்பா, லாடம் எரியுது" என்றாளாம். அவள் சொன்னது சரிதான். குதிரை லாடத்தைப் போல ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படியிருக்குமோ அந்தப் படம்தான் அது. டயரில் காற்று குறைவு என்று பொருள். மொகிலி இறக்கம் தாண்டிச் சித்தூர் வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது மாப்பிள்ளை கேட்டார். "நேத்துதான் காத்து அடிச்சேன் மாமா. காலையில லைட் எரிஞ்சுது. இப்ப அணைஞ்சிடுச்சு. பார்க்கணுமா?"

எனக்குப் பிடித்த பாடம் கிடைத்துவிட்டது. வெப்பம் குறைந்தால் காற்றின் அழுத்தம் குறையும், வண்டி ஓடிச் சூடானால் ஏறும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். "பலமனேர் குளிர்தான் மாப்பிள்ளை. ஒண்ணும் பயம் இல்லை, கிளம்பலாம்" என்றேன். அழுத்தம் அளக்கும் கேஜ் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

நான் சொன்ன விதியில் பிழை இல்லை. அந்தச் சக்கரத்துக்கு அது பொருந்துகிறதா என்று அளந்து பார்க்காததுதான் பிழை. மேலே என்ன நடந்தது என்பதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

டயருக்குள் அடைபட்ட காற்றின் துகள்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டு சுவரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதல்தான் அழுத்தம். சூடு ஏறினால் வேகமாக மோதும், குளிர்ந்தால் மெதுவாக மோதும். எத்தனை பங்கு என்று கணக்கிட இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். வெப்பத்தை நாம் வழக்கமாகச் சொல்லும் டிகிரியில் எண்ணக் கூடாது; சைபருக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே 27 டிகிரி என்பது கணக்குக்கு 300. அடுத்தது, கேஜ் காட்டும் 33 பவுண்டு என்பது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டுமே. வெளிக்காற்றே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 பவுண்டு அழுத்திக்கொண்டிருக்கிறது. எனவே டயருக்குள் உண்மையில் இருப்பது 47.7 பவுண்டு. பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்போது மாப்பிள்ளையின் காரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மதிய வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயருக்குள் காற்று 55 டிகிரியில் இருந்தது என்று வைப்போம், அது மிகையல்ல. கணக்குக்கு 328. மறுநாள் விடியலில் பலமனேரில் 14 டிகிரி. கணக்குக்கு 287. 47.7-ஐ 287-ஆல் பெருக்கி 328-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41.7 வரும். வெளிக்காற்று 14.7-ஐக் கழித்தால் 27. அதாவது ஒரு சொட்டுக் காற்றுகூட வெளியே போகாமல் 33 பவுண்டு 27 ஆகிவிட்டது. பலமனேர் வேலூரைவிட உயரமான ஊர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் கேஜில் முக்கால் பவுண்டு கூடத் தெரியும். 28 என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றாட உபயோகத்துக்கு இவ்வளவு பெருக்கி வகுக்க வேண்டியதில்லை. சாதாரண கார் டயரில் 10 டிகிரி குறைந்தால் ஒன்றரைப் பவுண்டுக்குச் சற்று மேல் குறையும் என்று நினைவில் வைத்தால் போதும்.

அடுத்து, விளக்கு எப்போது எரியும் என்று பார்ப்போம். ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு குறைந்ததும் அது எரியாது. அமெரிக்காவில் சட்டமே, சொல்லப்பட்ட அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் எரிய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய விதியில் ஐந்தில் ஒரு பங்கு. 33 பவுண்டு டயருக்குக் கால் பங்கு குறைவு என்றால் 25-க்கும் கீழே. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 26-க்கு அருகில். நம் நாட்டில் ஓடும் கார்களிலும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலமனேர் குளிர் இறக்கியது 28 வரைதான். விளக்கு எரிய 26-க்கோ 25-க்கோ கீழே போக வேண்டும். அப்படியானால் மீதியை இறக்கியது யார்?

காபி குடிக்கும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டது இரண்டு நாள் கழித்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டபோது.

நமது சித்தூர், திருப்பதி சீமையில் குளிர் மட்டுமே இந்த விளக்கை ஏற்றிவிடுவது அரிது. இங்கே மே மாத விடியலில் 28 டிகிரி இருக்கும். தை மாத விடியலில் 16 டிகிரி. இந்த 12 டிகிரி வித்தியாசத்துக்கு டயரில் குறைவது 2 பவுண்டு மட்டுமே. ஆனால் நல்ல டயரிலேயே ரப்பர் வழியாக மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவுக்குக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். பஞ்சர் இல்லை, வால்வு பழுது இல்லை. ரப்பரின் இயல்பு அப்படி. மே மாதம் காற்று அடித்துவிட்டு ஜனவரி வரை கவனிக்காமல் இருந்தால் எட்டு பவுண்டு இப்படிப் போயிருக்கும். அதன் மேல் குளிரின் 2 பவுண்டு சேர்ந்து 33 என்பது 23 ஆகும்போது விளக்கு எரிகிறது. நாம் குளிரைக் குறை சொல்கிறோம். பத்தில் இரண்டுதான் குளிரின் கணக்கு. எட்டு நம் கணக்கு.

கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. அக்டோபரில் 20 டிகிரியில் 33 பவுண்டு அடித்த டயர், மைனஸ் 25 டிகிரி விடியலில் 26-க்கும் கீழே இறங்கிவிடும். அங்கே குளிர் ஒன்றே விளக்கின் வாசல்வரை கொண்டுபோய்விடுகிறது. "இங்க எல்லாருக்கும் எரியும்பா, குளிர் வந்தா சகஜம்" என்று பிள்ளைகள் போனில் சொல்வதை நாமும் இங்கே அப்படியே திருப்பிச் சொல்கிறோம். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: காரணம் குளிராகவே இருந்தாலும் டயரில் காற்று குறைவு என்பது நிஜம். விளக்கு பொய் சொல்லவில்லை. அங்கேயும் காற்று அடிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் சிறிது தூரம் ஓடியதும் விளக்கு ஏன் அணைகிறது? ஓடும்போது டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதில் சூடு பிறக்கிறது. உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி மூன்று, நான்கு பவுண்டு ஏறுகிறது. விளக்கு அணைய அது போதும். காற்றின் அளவு கூடவில்லை, அதன் சூடுதான் கூடியிருக்கிறது. காற்று குறைந்த டயர் அதிகம் மடங்குகிறது. அதிகம் மடங்குவதால் அதிகம் சூடாகிறது. அதிகம் சூடானதால் அழுத்தம் ஏறி விளக்கை அணைத்துவிடுகிறது. நோயாளிக்குக் காய்ச்சல் ஏறி முகம் சிவந்ததைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது.

இப்போது எங்கள் பயணத்துக்கு வருகிறேன். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அலிபிரி தாண்டி மலை ஏறினோம். நல்ல தரிசனம். இரவு மேலேயே தங்கினோம். மறுநாள் விடியலில் வண்டியைக் கிளப்பியதும் மறுபடி லாடம். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மலை மேல குளிர் இன்னும் அதிகம் இல்லையா" என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன்.

மலையின் உயரத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். திருப்பதி கடல் மட்டத்துக்கு 160 மீட்டர் அளவில் இருக்கிறது. திருமலை ஏறத்தாழ 850 மீட்டர். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் குறைகிறது. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் என்பதால், டயரின் சூடு மாறாவிட்டால் மலை மேல் அது ஒரு பவுண்டு கூடுதலாகத்தான் காட்டும். மலை மேல் ஆறு, ஏழு டிகிரி குளிர் கூடினால் அது ஒரு பவுண்டைக் குறைக்கும். ஆக, உயரம் கொடுப்பதும் குளிர் எடுப்பதும் ஏறத்தாழ நேராகிவிடும். மலை ஏறியதால் விளக்கு எரிவதற்கு நியாயமே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த கணக்குதான். அன்று விடியலில் அறை வாசலில் பெட்டிகளை அடுக்கும் அவசரத்தில் கணக்கு எங்கே நினைவுக்கு வருகிறது!

கீழே இறங்கும் சாலை 1944-இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதை. ஏறும் பாதை 1974-இல் வந்தது. பழைய பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் முழுவதும் வெளிப்பக்கச் சக்கரங்களில் சாய்கிறது. பிரேக்கின் சூடு சக்கரத்தில் ஏறுகிறது. நல்ல டயருக்கே அது உழைப்பு. காற்று குறைந்த டயர் வளைவில் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு தயக்கம் வரும்.

அந்தத் தயக்கத்தை மாப்பிள்ளை உணர்ந்திருக்கிறார். "பின்னாடி ஏதோ மிதக்குற மாதிரி இருக்கு மாமா" என்றார். இந்த முறை விளக்கும் அணையவில்லை. பின் சீட்டில் என் மனைவி, மகள், மகள் மடியில் தலை வைத்துத் தூங்கும் பேத்தி. நான் அப்போதுதான் வாயை மூடிக்கொண்டேன். "மெதுவா போங்க, பிரேக்கை மிதிக்காம ரெண்டாவது கியர்லயே இறக்குங்க" என்று மட்டும் சொன்னேன். நடுவில் நிறுத்தலாம் என்றால் வளைவுக்குப் பின் வளைவு, பின்னால் வண்டிகளின் வரிசை. கீழே வந்து சேரும்வரை நான் எந்தச் சுவாமியைக் கும்பிட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழே இறங்கி முதலில் தென்பட்ட பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்தார். மூன்று சக்கரங்களில் 31, 32 என்று இருந்தது. ஓடி வந்த சூடு. பின்பக்க இடது சக்கரத்தில் 16. கையால் தொட முடியாத சூடு. கழற்றிப் பார்த்தால் நடுப்பட்டையில் முக்கால் அங்குல ஆணி, தலை தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஆணி குத்திப் பல நாளாகியிருக்கும். டியூப்லெஸ் டயர் ஆதலால் ஆணியே துளையை அடைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது.

பஞ்சர் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் டயரின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவிக் காட்டினார். விரலில் கரித்தூள் போலக் கறுப்புப் பொடி. பக்கச் சுவர் மடங்கி மடங்கி உள்ளே ரப்பர் தானே அரைபட்டு உதிர்ந்த தூள் அது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருந்தது. "இது வேண்டாம் சார், எப்போ வெடிக்கும்னு சொல்ல முடியாது" என்றார். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்தோம். அன்று அந்த மனிதர் வாங்கியது மிகச் சொற்பக் கூலி. எனக்குக் கற்றுக் கொடுத்ததற்குத் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியலில், வண்டி அசையும் முன், அலமாரியிலிருந்து கேஜை எடுத்துப்போய் மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். 28, 28, 27. காலண்டர் தாளில் போட்ட கணக்குக்கும் அதற்கும் ஒத்துப்போனது. குளிர் செய்த வேலை அவ்வளவுதான். நான்காவது சக்கரத்தில் ஆணி செய்த வேலையையும் சேர்த்துக் குளிரின் தலையில் கட்டியது நான்.

ரயிலில் இப்படிச் செய்திருந்தால் சார்ஜ்ஷீட்தான். ஏர் பிரேக் வண்டியில் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். கேஜ் முள் இறங்கினால் "குளிர்" என்று எழுதிவிட்டு வண்டியை அனுப்ப முடியாது. ஒவ்வொரு கோச்சாக நடந்து, எந்த ஹோஸ் பைப்பில், எந்த இணைப்பில் சீறுகிறது என்று காதை வைத்துக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். குளிர்கால இரவில் எத்தனை ரேக்குகளுக்கு அப்படி நடந்திருப்பேன்! சொந்தக் குடும்பம் ஏறும் வண்டிக்கு அந்த நடை நடக்கவில்லை.

இந்த விளக்கு எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. சாதனம் புதிதல்ல, 1986-இலேயே போர்ஷே 959 என்ற விலையுயர்ந்த காரில் வந்துவிட்டது. அது சாதாரண மக்களின் கார்களுக்கு வந்ததற்குக் காரணம் சாவுகள். அமெரிக்காவில் 1990-களில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்து, வண்டிகள் உருண்டன. 270 பேருக்கு மேல் இறந்ததாக அரசு கணக்கிட்டது. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். டயரின் தயாரிப்புக் குறையோடு, காற்று குறைவு, வெப்பம், வேகம், பாரம் எல்லாம் சேர்ந்தே அந்த விபத்துகள் நடந்தன. அதே ஆண்டு நவம்பரில் சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் புதிய கார் ஒவ்வொன்றிலும் இந்த விளக்கு கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். நம் நாட்டில் 2020-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தியபோது, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் சாதனமும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று அனுமதித்தார்கள். ஸ்டெப்னி இல்லாத காரில் இந்த விளக்கை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாதனத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சிறு கருவி உட்கார்ந்து அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்புகிறது. திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி எண் தெரிந்தால் உங்களுடையது இந்த வகை. அதன் பாட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை உழைக்கும். தீர்ந்தால் பெரும்பாலும் கருவியையே மாற்ற வேண்டும். டயர் மாற்றும்போது கடைக்காரரிடம் உள்ளே கருவி இருக்கிறது என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் உடைந்துவிடும்.

மற்ற வகையில் சக்கரத்துக்குள் எதுவும் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கரங்களின் சுற்றை எண்ணும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றுச் சிறுத்துவிடும். அதனால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. செலவு குறைவு. ஆனால் நான்கு சக்கரத்திலும் ஒரே அளவில் காற்று குறைந்தால், இதன் எளிய ரகங்கள் ஏமாந்துபோகும். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான சக்கரம் ஒன்றுகூட இல்லையே! இந்த வகையில் "ரீசெட்" செய்யும் வசதி ஒன்று இருக்கும். காற்றைச் சரியாக அடித்த பின் அதைச் செய்தால், இதுதான் சரியான நிலை என்று வண்டி கற்றுக்கொள்ளும். காற்று அடிக்காமல் விளக்கை அணைப்பதற்காக மட்டும் அதை அழுத்தினால், குறைந்த காற்றையே சரி என்று கற்றுக்கொடுக்கிறோம். நமது சங்கத்து நண்பர் ஒருவர் இதையேதான் ஆறு மாதமாகச் செய்துவந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், இதைப் படித்ததும் அவருக்கே தெரியும்.

வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக நின்றால், அது பெரும்பாலும் சாதனத்திலேயே பழுது என்பதற்கு அடையாளம். கருவி இல்லாத ஸ்டெப்னியை மாட்டினாலும் இப்படி வரும். எரிந்து அப்படியே நின்றால் காற்று.

இனி, காற்று அடிக்கும் முறை. எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை அடிக்கக் கூடாது. ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருந்தால், ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏறும் பயணத்துக்குக் கூடுதலாக உள்ள வரிசையைப் பாருங்கள். திருமலைப் பயணத்தில் நம் வண்டிகள் என்றுமே அந்த வரிசைதான். சில வண்டிகளின் திரையில் கிலோபாஸ்கல் என்றும் பார் என்றும் வரும். 230 கிலோபாஸ்கல், 2.3 பார், 33 பவுண்டு மூன்றும் ஏறத்தாழ ஒன்றே.

அந்த எண் ஓடாத, ஆறிய டயருக்கு உரியது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி. விடியற்காலை என்றால் மிக நல்லது. வெயில் ஏறிவிட்டால், வெயில் பட்ட பக்கத்துச் சக்கரம் நிழல் பக்கத்தைவிட ஒன்றிரண்டு பவுண்டு அதிகம் காட்டும். எத்தனை பேர் வீட்டுக்குப் பக்கத்திலேயே பங்க் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஓடிச் சூடான டயரில் அடிக்க நேர்ந்தால், சொன்ன எண்ணுக்கு மேல் 4 பவுண்டு கூட்டி அடியுங்கள். மறுநாள் விடியலில் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். மாப்பிள்ளை அன்று வேலூரில் 33-க்குப் பதில் 37 வைத்திருந்தால், மூன்று சக்கரங்களும் விடியலில் 31 காட்டியிருக்கும். ஆணிச் சக்கரம் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறு கோடையில் நடக்கிறது. மே மாதம் ரேணிகுண்டா சாலையில் ஓடி வந்த டயர் 38 காட்டும். "அதிகமா இருக்கு, வெடிச்சிடும்" என்று பயந்து 33-க்கு இறக்கிவிடுகிறார்கள். அந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் டயரைச் செய்திருக்கிறார்கள். சூட்டில் காற்றை வெளியேற்றினால் ஆறிய பின் அது 28. அடுத்த ஓட்டத்தில் அதிகம் மடங்கி, அதிகம் சூடாகும். வெடிக்கும் என்று பயந்தவர் வெடிப்பதற்கு வழி செய்துவிட்டார்.

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். குளிரில் சுருங்கும் விதி இரண்டுக்கும் ஒன்றே. ஈரம் இல்லாமல் இருப்பதும் கசிவு சற்று மெதுவாக இருப்பதும் நைட்ரஜனின் நன்மைகள். ஆணிக்கு அது தெரியாது. நைட்ரஜன் டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்றை அடித்தால் கெட்டுவிடும் என்று பயந்து, குறைந்த காற்றோடு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தாராளமாகக் கலக்கலாம்.

விளக்கு எரியும் விடியலில் என்ன செய்வது? இறங்கி நான்கு சக்கரத்தையும் அளந்து, எண்களை எழுதுங்கள். நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் குளிரும் மறதியும்; அடித்துவிட்டுப் போகலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மூன்று, நான்கு பவுண்டு தாழ்ந்திருந்தால் அங்கே ஆணியோ, வால்வோ, ரிம் விளிம்போ ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் பஞ்சர் கடையில் காட்டாமல் மலை ஏற வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதாது; இன்றைய டயரில் பத்து பவுண்டு குறைந்தாலும் வெளித் தோற்றத்தில் பெரிதாகத் தெரியாது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். சிறிய தற்காலிகச் சக்கரம் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அதற்கு 60 பவுண்டு. அதன் மேலேயே எழுதியிருக்கும்.

கேஜ் சில நூறு ரூபாய்தான். என்னுடையது இப்போது அலமாரியில் இல்லை. மாப்பிள்ளையின் காரில் இருக்கிறது. எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன். மார்கழி, தை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். எட்டு மணிக்குள் வருபவர்கள் வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்துங்கள். தொலைவிலிருந்து ஓட்டி வருபவர்கள் எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால், சூட்டுக் கணக்கைப் போட்டுக் கழித்துச் சொல்கிறேன். காலண்டர் தாள் நிறைய இருக்கிறது.